அளக்கிற கை அமுக்காமல் இருக்குமோ?

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணை என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது நான் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். இந்த மேடையில் வழக்கமாக டொக்டர்மாரும் கணக்காளர்மாரும் பேசுவார்கள். நான் டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷினில் நிற்கிறவன். ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தேன். 2008இல் சோதனை எழுதியதோடு படிப்பு நின்றுபோனது. 2012இல் வள்ளத்தில் இங்கு வந்து சேர்ந்தேன். "நீர் அங்கை என்ன செய்யிறீரோ அதைப் பற்றிக் கதையுமன்" என்றார் அண்ணை. நான் அங்கே செய்வது அளப்பது. காலையிலிருந்து பின்னேரம் வரை சாமான்களை அளந்து, சரி என்றால் ஒரு பெட்டியிலும் பிழை என்றால் மற்றப் பெட்டியிலும் போடுவது. ஆகவே அளப்பதைப் பற்றியே கதைக்கிறேன். கொஞ்சம் பௌதிகமும் வரும். பயப்படாதேங்கோ.

இந்தப் புத்தாண்டையே எடுத்துப் பாருங்கோ. வருசம் பிறக்கிற நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கத்தில் இன்னொன்று. அதற்கு மேல் நாங்கள் நாலரை மணித்தியாலம் கூட்டி மெல்பேர்ண் நேரம் பார்க்கிறோம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருசமும் இதில் ஒரு சின்னச் சண்டை வரும். சூரியன் ஒன்றுதான், ராசியும் ஒன்றுதான், கணிக்கிற முறைதான் இரண்டு. அப்படியென்றால், முறையெல்லாம் சரியாக இருந்து, கருவியும் திறமாக இருந்தால், ஒரு பொருளை எவ்வளவு துல்லியமாகவும் அளந்துவிடலாமோ? அதற்கு ஒரு முடிவு உண்டோ? இதுதான் இன்றைய கேள்வி.

முதலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் பிளாஸ்ரிக் வளையங்களை அளக்கத் தந்தார்கள். தடிப்பு 6 மில்லிமீற்றர். நூறில் இரண்டு மில்லிமீற்றர் கூடலாம், குறையலாம், அதற்கு மேல் ஏலாது. அளக்கிற சாமான் மைக்ரோமீற்றர். பள்ளிக்கூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சி என்று படித்தோமே, அதேதான். எனக்குத் தெரிந்த சாமான் என்ற பெருமையில் இறுக்கித் திருகி அளந்தேன். எல்லாம் சரியாகவே காட்டியது. 200 வளையம் அளந்து பெட்டியில் போட்டேன். வாங்கின இடத்திலிருந்து 200உம் திரும்பி வந்தன. தடிப்புக் கூட, பொருந்தவில்லை என்றார்கள்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் வியட்நாமிலிருந்து அந்தக் காலத்தில் வள்ளத்தில் வந்த ஒரு பெரியவர். அவர் ஏசவில்லை. மைக்ரோமீற்றரை என் கையிலிருந்து வாங்கி, நுனியில் இருக்கிற சின்னக் குமிழை மட்டும் பிடித்துத் திருகினார். டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம். அதோடு நிறுத்தினார். நான் இறுக்கின இறுக்கில் மெதுவான பிளாஸ்ரிக் நசிந்து, தடிப்புக் குறைவாகக் காட்டியிருக்கிறது. நான் அளந்தது வளையத்தை இல்லை, என் விரல் நசித்த வளையத்தை. அந்தக் குமிழ் அதற்கென்றே வைத்தது. அளவான இறுக்கம் வந்ததும் அது வழுக்கிவிடும்.

அன்றிரவு படுக்கையில் ஒரு யோசனை வந்தது. விரல் வேண்டாம், உலோகமும் வேண்டாம், வெறும் வெளிச்சத்தால் அளந்தால்? வெளிச்சம் யாரையும் நசிக்காதே?

உண்மையில் உலகம் இப்போது தூரத்தை அளப்பதே வெளிச்சத்தால்தான். ஒரு காலத்தில் மீற்றர் என்பது பாரிஸ் பக்கம் வைத்திருந்த ஒரு உலோகச் சட்டம். 1983 தொடக்கம், வெளிச்சம் ஒரு செக்கனை 299,792,458 பங்காகப் பிரித்ததில் ஒரு பங்கு நேரத்தில் ஓடுகிற தூரம்தான் ஒரு மீற்றர்.

வெளிச்சத்தால் தூரம் அளக்கிற கருவிகளில் உலகத்திலேயே பெரியது அமெரிக்காவில் இருக்கிற லைகோ. வொஷிங்டன் மாநிலத்தில் ஹான்போர்ட் என்ற இடத்தில் ஒன்று, லூசியானா மாநிலத்தில் லிவிங்ஸ்ரனில் ஒன்று. எங்கள் 'ட' எழுத்தை நிலத்தில் எழுதினது போல இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றும் 4 கிலோமீற்றர் நீளம். டண்டினோங் ஸ்டேஷனிலிருந்து நோபிள் பார்க் ஸ்டேஷனுக்குப் போகிற அளவு என்று வையுங்கோ. 'ட'வின் மூலையில் லேசர் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு குழாய்க்குள்ளும் விடுவார்கள். அந்தத் தொங்கலில் 40 கிலோ கண்ணாடிகள் தொங்குகின்றன. வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்து மூலையில் சந்திக்கும். இரண்டு பாதையும் சமமாக இருந்தால் ஒரு அலையின் மேடும் மற்ற அலையின் பள்ளமும் சேர்ந்து இருட்டாகும். ஒரு பாதை எள்ளளவு நீண்டாலும் வெளிச்சம் கசியும். அந்தக் கசிவுதான் அளவு.

2015 செப்ரெம்பர் 14ஆம் திகதி, திங்கட்கிழமை, மெல்பேர்ண் நேரம் இரவு 7.50. இரண்டு கருவியிலும் அப்படி ஒரு கசிவு. ஐந்தில் ஒரு செக்கன்தான். சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் பாரமான இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி மோதி ஒன்றாகின. அது நடந்தது 130 கோடி வருசத்துக்கு முன்பு. அந்த மோதலின் நடுக்கம் வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு அன்று எங்களை வந்து சேர்ந்தது. 4 கிலோமீற்றர் குழாய் எவ்வளவு நீண்டது தெரியுமோ? அணுவின் நடுவில் இருக்கிற புரோத்தனின் குறுக்களவில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. அதை அளந்தவர்களுக்கு 2017இல் நொபெல் பரிசு கிடைத்தது. அந்த நடுக்கம் எங்கள் எல்லோரையும் ஊடறுத்துத்தான் போனது. வேலை செய்ய அனுமதி கிடைத்த புதிதில் நான் அன்று பின்னேர ஷிப்ற்றில் நின்றேன். மெஷின் அதிருகிற அதிர்வில் எனக்கு அது எங்கே தெரியப் போகிறது!

இங்கே ஒரு தமிழரை நினைக்கவேண்டும். பாரமான நட்சத்திரம் எரிந்து முடிந்தால் எவ்வளவு பாரம் வரை தன்னைத் தாங்கி நிற்கும் என்று கணக்குப் போட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல், 19 வயதில், மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிற கப்பலில் இருந்துகொண்டு அந்தக் கணக்கைப் போட்டார். பெரியவர்கள் அதை ஏற்கவில்லை, பகிடி பண்ணினார்கள். நொபெல் பரிசு வர 1983 ஆனது. கருந்துளை என்ற எண்ணத்துக்கு வழி திறந்த கணக்குகளில் அதுவும் ஒன்று. அவர் வந்த கப்பல் வேறு, நாங்கள் வந்த வள்ளம் வேறு. என்றாலும் கடலில் ஒரு தலை என்னவெல்லாம் யோசிக்கும் என்பது எங்களுக்கும் தெரியும்.

சரி, விசயத்துக்கு வருவோம். வெளிச்சம் நசிக்காதோ?

நசிக்கும். வெளிச்சம் குழாய்த் தண்ணீர் போலத் தொடர்ந்து வருவதில்லை, சொட்டுச் சொட்டாக வருகிறது. 1900இல் மக்ஸ் பிளாங்க் தொடக்கிவைத்த யோசனையிலிருந்து வந்தது இது. ஊரில் எங்கள் புத்தகத்தில் இதற்குச் சக்திச்சொட்டு என்று பெயர். இங்கே பிள்ளைகள் குவாண்டம் என்று படிப்பார்கள். எனக்கு அந்தச் 'சொட்டு' என்ற சொல் பிடிக்கும். சொல்லுக்குள்ளேயே பாடம் இருக்கிறது.

மழை நேரம் முற்றத்தில் ஒரு பேணியை வைத்தீர்களென்றால், ஒரு நிமிசத்தில் சராசரியாக 100 துளி விழும் என்று வையுங்கோ. ஒவ்வொரு நிமிசமும் சரியாக 100 விழாது. ஒருக்கால் 90, ஒருக்கால் 110. நூறில் 10 பிழை. அதுவே 10,000 துளி விழுகிற பெருமழை என்றால் 100 கூடும், 100 குறையும். அது நூறில் 1 பிழைதான். சொட்டுக் கூடக் கூட அளவு திறமாகும். ஆகவே லைகோவில் வெளிச்சத்தைக் கூட்டினார்கள்.

கூட்டினால் என்ன நடக்கும்? ஒவ்வொரு சொட்டும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அதைக் கொஞ்சம் தள்ளும். சொட்டுகள் ஒழுங்காக வருவதில்லை அல்லவா? ஒருக்கால் கூட, ஒருக்கால் குறைய. ஆகவே தள்ளுவதும் ஒழுங்கில்லை. கண்ணாடி நடுங்கும். வெளிச்சம் குறைந்தால் எண்ணுவதில் பிழை. வெளிச்சம் கூடினால் தள்ளுவதில் பிழை. இந்தப் பக்கம் தப்பினால் அந்தப் பக்கம் பிடிக்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் ஒரு கோடு விழுகிறது. அதற்கு நியமக் குவாண்டம் எல்லை என்று பெயர். மொஸ்கோவில் பிரகின்ஸ்கி என்ற அறிஞர் 1960களிலேயே இந்த எல்லையைக் கண்டு எச்சரித்தார்.

என் மைக்ரோமீற்றர் கதையும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதேங்கோ. என் பிழை கையின் பிழை. மெதுவாகப் பிடித்தால் போய்விடும். வெளிச்சத்தின் பிழை எவ்வளவு மெதுவாகப் பிடித்தாலும் முழுதாகப் போகாது. சொட்டை அரைச் சொட்டாக்க ஏலாது. 1927இல் ஹைசன்பேர்க் சொன்னதும் இதையொட்டியதுதான். ஒரு சோடி அளவுகளில் ஒன்றை இறுக்கிப் பிடித்தால் மற்றது தளரும். இரண்டையும் ஒருசேர இறுக்க இயற்கை விடாது.

40 கிலோ கண்ணாடியை வெளிச்சச் சொட்டு நடுங்க வைக்குமோ என்று நீங்கள் கேட்கலாம். 2020இல் அதைக் கண்டேவிட்டார்கள். ஒரு மீற்றரைப் பத்தால் 20 தடவை பிரித்தால் வருகிற அளவு. அவ்வளவுதான் நடுக்கம், ஆனால் அது இருக்கிறது.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. எல்லை என்றதும் மனிசன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ரொட்டிக்குக் குழைத்த மாவை ஒரு பக்கம் அமுக்கினால் மற்றப் பக்கம் பிதுங்கும். மா குறையாது, வடிவம் மாறும். வெளிச்சத்தின் நடுக்கத்தையும் இப்படிச் செய்யலாம் என்று 1981இல் அமெரிக்காவில் கார்ள்ரன் கேவ்ஸ் என்பவர் காட்டினார். அலை வருகிற நேரத்தில் இருக்கிற தடுமாற்றத்தை அமுக்கிவிடு, சொட்டுகளின் தொகையில் இருக்கிற தடுமாற்றம் பிதுங்கட்டும். இயற்கையின் சட்டம் மீறப்படவில்லை. உனக்குத் தேவையான பக்கம் மட்டும் சுத்தமாகிறது. இப்படி அமுக்கிய வெளிச்சத்தைக் கருவியின் இருட்டுப் பக்கத்தால் உள்ளே விடுவார்கள்.

இந்த வேலையில் எங்கள் கன்பராவுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்குள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மக்லெலண்டும் அவரோடு சேர்ந்தவர்களும் அமுக்கிய வெளிச்சத்தில் பல வருசம் உழைத்தார்கள். 2019 தொடக்கம் லைகோவில் அது நிரந்தரமாக ஓடுகிறது. 2020இல் மக்லெலண்ட், சூசன் ஸ்கொற், டேவிட் பிளேயர், பீற்றர் வீச் என்ற நால்வருக்கும் பிரதமரின் விஞ்ஞானப் பரிசு கிடைத்தது. ஆனால் அப்போதும் ஒரு குறை இருந்தது. பிதுங்கின பக்கம், மெதுவான அலைகளை அளக்கும்போது கண்ணாடியைக் கூடுதலாகத் தள்ளியது. ஆகவே 2023இல் 300 மீற்றர் நீளத்தில் இன்னொரு குழாய் சேர்த்தார்கள். வேகமான அலைக்கு ஒரு பக்கம் அமுக்கவும், மெதுவான அலைக்கு மற்றப் பக்கம் அமுக்கவும் அது உதவுகிறது. 2024இல், சில அதிர்வெண்களில் அந்த நியம எல்லைக்கும் கீழே போய்விட்டதாக அறிவித்தார்கள்.

பேராசிரியர்களின் பெயர்கள் சொன்னேன். கைவேலைக்காரரையும் சொல்லவேண்டும். முதலாவது லைகோ கருவியின் கண்ணாடிகள் சிலவற்றை மெருகிட்டது எங்கே தெரியுமோ? சிட்னியில், லிண்ட்பீல்டில், சிஎஸ்ஐஆர்ஓ பட்டறையில். அதே இடத்தில் ஒரு கிலோ சிலிக்கன் உருண்டைகளும் செய்தார்கள், 94 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த குறுக்களவு. அந்த உருண்டையைப் பூமி அளவுக்குப் பெருப்பித்தாலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சில மீற்றர்தான் வித்தியாசம் இருக்குமாம். அகிம் லைஸ்ற்னர் என்ற மெருகு நிபுணரின் கை அதில் பட்டது. எத்தனை மெஷின் இருந்தும், கடைசியில் ஒரு மனிசன் நின்று தேய்த்து, அளந்து, திரும்பத் தேய்த்துத்தான் அது வந்தது. நான் செய்கிற வேலையின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

கடைசிக் கேள்வி. இப்படியே வெட்டிக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும்? ஊரில் காணியைப் பரப்பாகப் பிரித்தோம், குழியாகப் பிரித்தோம், பிறகு கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதுக்கு வழக்குக்குப் போனோம். பிரிப்பதற்கு முடிவே இல்லை என்றுதான் எங்கள் நினைப்பு. இயற்கை அப்படி விடாது போலத் தெரிகிறது.

சின்ன இடத்தைப் பார்க்கச் சின்ன அலை வேண்டும். அலை சின்னதாகச் சின்னதாகச் சொட்டின் சக்தி கூடும். சக்தி கூடினால், ஐன்ஸ்ரைன் சொன்னபடி, அதற்கும் ஈர்ப்பு உண்டு, அது வெளியை வளைக்கும். ஒரு கட்டத்தில் அந்த ஒரு சொட்டே கருந்துளையாகி, பார்க்க வந்த இடத்தை மூடிவிடும். சொட்டுத் தள்ளாதபடி கண்ணாடியைப் பாரமாக்கினால்? அதே கதைதான். பாரம் கூட ஈர்ப்பும் கூடி, அளக்கப்போன தூரத்தையே மாற்றும். இரண்டு வழியும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. அதுதான் பிளாங்க் நீளம். 1.6 மீற்றரைப் பத்தால் 35 தடவை பிரித்தால் வருகிற அளவு. அதை ஒரு மில்லிமீற்றராகப் பெருப்பித்தால், ஒரு புரோத்தனை வெளிச்சம் கடந்து போக 11 வருசம் எடுக்கும்!

அந்த ஆழத்தில் வெளி என்பது நூல் தெரியாத பட்டுச் சேலை போல இழைகளால் ஆனதோ, அல்லது தூரம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லையோ, யாரும் கண்டதில்லை. அமெரிக்காவில் பெர்மிலாப் என்ற இடத்தில் 40 மீற்றர் குழாய்களை வைத்து, வெளி தானாகவே நடுங்குகிறதோ என்று தேடினார்கள். கிறெய்க் ஹோகன் என்பவரின் யோசனை அது. அவர் எதிர்பார்த்த வகை நடுக்கம் இல்லை என்று 2015 டிசெம்பரில் அறிவித்தார்கள். தான் நினைத்தது இல்லை என்று அளந்து காட்டிச் சொல்வதும் ஒரு பெரிய வேலை.

முடிக்கப் போகிறேன். பௌதிகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கு வந்த பிறகு எங்களையும் அளந்தார்கள். ஒரு அறையில் இருத்தி, ஒரே கேள்வியை ஏழெட்டுத் தரம் கேட்டார்கள். முதற்தரம் சொன்ன திகதியும் ஏழாம் தரம் சொன்ன திகதியும் ஒத்துவரவில்லை என்றார்கள். பயந்து கிடக்கிற மனிசனை இறுக்கித் திருகினால் அளவு எப்படிச் சரியாக வரும்? இது குவாண்டம் இல்லை. என் வளையத்தின் கதைதான். மூன்று டிக்கோடு நிறுத்துகிற ஒரு குமிழ் அந்த அறையிலும் இருந்திருக்கலாம் என்று நான் பல நாள் யோசித்தது உண்டு.

அதையே நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாது. எத்தனை மார்க்ஸ், எத்தனை மார்க்ஸ் என்று நாளுக்கு நாலுதரம் இறுக்கினால், நாங்கள் அளப்பது பிள்ளையை இல்லை, நசிந்த பிள்ளையை.

நான் பல்கலைக்கழகம் போக ஏலாமல் போனதை நினைத்துப் பல வருசம் பௌதிகப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இந்தப் பேச்சுக்காகத் திறந்தேன். பாதி மறந்துபோச்சு, பாதி இருக்கிறது. இருக்கிற பாதியைத் தர விருப்பம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்தபிறகு ஒரு மணித்தியாலம் இந்த மண்டபத்திலேயே நான் இருப்பேன். காசு வேண்டாம். ஹோதோர்ன் பக்கம் சுவின்பேர்ண் பல்கலைக்கழகத்தில் இந்த ஈர்ப்பலை ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் 2017இல் தொடங்கினது. தெரியாததை அவர்களிடம் எழுதிக் கேட்போம். மைக்ரோமீற்றர் ஒன்று நான் கொண்டு வருகிறேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தலைமயிரோடு வந்தால் போதும், முதல் பாடம் அதன் தடிப்பை அளப்பது.